பசளைப் பையில் 60, கணக்கில் 52: சேர்வையில் மூலகத்தின் திணிவுச் சதவீதம் காணும் முழு வழி

காலபோகத்தில் பசளை எறிகிற நாட்கள். ஒரு பின்னேரம் பக்கத்து வயல்காரர், வெறும் உரப்பை ஒன்றைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படலையைத் திறந்து வந்தார். இரணைமடுக் குளத்துக்குக் கீழே நாற்பது வருடமாக நெல் விதைக்கிற மனிசன். பையை என் மேசையில் விரித்தார்.

"மாஸ்ரர், உங்களிட்டப் படிக்கிற என்ர பேரன் என்னைக் குழப்பிப்போட்டான். இந்தப் பையில 60 எண்டு கிடக்கு. அவன் கொப்பியில கணக்குப் பாத்திட்டு, இல்லை தாத்தா, 52தான் வரும், அதுக்கு மேல வரவே வராது எண்டுறான். அப்ப ஆர் பொய் சொல்லுறது? பையோ, பெடியனோ?"

அது எம்.ஓ.பி. பை. ஊரில் சிவப்பு உரம் என்றும் சொல்லுவார்கள். உள்ளே இருப்பது பொற்றாசியம் குளோரைட்டு. பேரன் போட்ட கணக்குச் சரி. பையில் அச்சடித்ததும் சரி. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படிச் சரியாகும் என்பதைச் சொல்ல எனக்கு அன்றைக்கு ஒரு மணித்தியாலமும் இரண்டு தேத்தண்ணியும் தேவைப்பட்டன. அந்த ஒரு மணித்தியாலத்தைத்தான் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் விரிவாக. சாதாரண தரத்தில் இந்தப் பாடம் தொடங்குகிறது, உயர்தரத்தில் திரும்ப வந்து நிற்கிறது. இடையில் பிள்ளைகள் சூத்திரத்தைப் பாடமாக்கிவிட்டு, அது எதைச் சொல்லுகிறது என்பதை விட்டுவிடுகிறார்கள்.

எண்ணிக்கை வேறு, நிறை வேறு

ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் ஒரு எருமையையும் நாலு கோழியையும் ஏற்றிக்கொண்டு போகிறீர்கள் என்று வையுங்கள். தலையை எண்ணினால் ஐந்தில் நாலு கோழி. அதாவது 80 சதவீதம். ஆனால் பெட்டியைத் தராசுப் பாலத்தில் நிறுத்தினால் கோழிகளின் பங்கு கணக்கில் எடுபடாது, பாரம் முழுக்க எருமைதான். இரசாயனச் சூத்திரம் தலையை எண்ணுகிறது. திணிவுச் சதவீதம் தராசில் நிறுக்கிறது. சூத்திரத்தில் இருக்கும் தலைக்கணக்கைத் தராசுக் கணக்காக மாற்றுவதற்கு ஒவ்வொரு தலையின் நிறையும் தெரிய வேண்டும். அதுதான் சாரணுத்திணிவு.

ஒரு சேர்வையை எங்கிருந்து எடுத்தாலும், யார் தயாரித்தாலும், அது தூயதாக இருந்தால் அதிலுள்ள மூலகங்களின் திணிவு விகிதம் மாறாது. இதை 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சு இரசாயனவியலாளர் புரூஸ்ற் செப்புக் காபனேற்றை வைத்துக் காட்டினார். மாறா விகித விதி என்று நாங்கள் படிக்கிறது அதைத்தான். இந்த விதி இல்லையென்றால் ஒரு சேர்வைக்கு ஒரு சதவீதம் என்று சொல்வதிலேயே பொருள் இல்லை. ஆனையிறவில் வாரிய உப்பில் ஒன்றும், மன்னாரில் வாரிய உப்பில் இன்னொன்றும் வந்திருக்கும்.

கீழே வரும் கணக்குகளுக்கு இந்த எண்கள் போதும்: ஐதரசன் 1, காபன் 12, நைதரசன் 14, ஒட்சிசன் 16, சோடியம் 23, பொசுபரசு 31, கந்தகம் 32, குளோரீன் 35.5, பொற்றாசியம் 39, கல்சியம் 40, தைற்றேனியம் 48, இரும்பு 56, நாகம் 65. ஒரு எச்சரிக்கை: ஆவர்த்தன அட்டவணையில் ஒரு கட்டத்துக்குள் இரண்டு எண் இருக்கும். சிறியது அணுவெண், அது புரோத்தன்களின் எண்ணிக்கை. நமக்கு வேண்டியது மற்றது. நைதரசனுக்கு 14க்குப் பதில் 7ஐப் போட்டுவிட்டு விடை குறைவாக வருகிறதே என்று தலையைச் சொறிகிற பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் ஒன்று உண்டு.

யூரியாவில் தொடங்குவோம்

வன்னியில் யூரியாப் பையைக் காணாத பிள்ளை இல்லை. பை வெறுமையான பிறகு அது படங்காகும், நெல் காயவைக்கும் பாயாகும், மாட்டுக் கொட்டிலின் மறைப்பாகும். ஆகவே முதல் கணக்கு அதிலேயே.

யூரியாவின் சூத்திரத்தை வாயால் வாசித்தால்: சீ, ஓ, அடைப்புக்குறிக்குள் என் எச் டூ, அடைப்புக்கு வெளியே இன்னொரு டூ.

முதலாவது வேலை, அணுக்களை எண்ணுவது. காபன் 1, ஒட்சிசன் 1. அடைப்புக்குள் நைதரசன் 1, ஐதரசன் 2. வெளியே நிற்கிற 2 அடைப்புக்குள் உள்ள எல்லாவற்றையும் இரட்டிக்கும். ஆகவே நைதரசன் 2, ஐதரசன் 4. மொத்தம் எட்டு அணுக்கள்.

இரண்டாவது, ஒவ்வொரு மூலகத்தின் பங்கையும் தனித்தனியாக எழுதுவது:

காபன்: 1 × 12 = 12
ஒட்சிசன்: 1 × 16 = 16
நைதரசன்: 2 × 14 = 28
ஐதரசன்: 4 × 1 = 4

மூன்றாவது, கூட்டுவது: 12 + 16 + 28 + 4 = 60. இது யூரியாவின் சார்மூலக்கூற்றுத்திணிவு. ஒரு மூல் யூரியா 60 கிராம் என்றும் இதையே வாசிக்கலாம் (மூல் என்பது டசின்போல, அணுக்களையும் மூலக்கூறுகளையும் எண்ணுகிற ஓர் அளவு). அப்படி வாசித்தால் கணக்குக் கையில் பிடிபடும்: 60 கிராம் யூரியாவை நிறுத்து எடுத்தால் அதில் 28 கிராம் நைதரசன்.

நான்காவது, வேண்டிய மூலகத்தின் பங்கை முழுத் திணிவால் பிரித்து நூறால் பெருக்குவது:

நைதரசன்: 28 ÷ 60 × 100 = 46.67%
ஒட்சிசன்: 16 ÷ 60 × 100 = 26.67%
காபன்: 12 ÷ 60 × 100 = 20.00%
ஐதரசன்: 4 ÷ 60 × 100 = 6.67%

ஐந்தாவது வேலையைப் பெரும்பாலானோர் செய்வதில்லை: கூட்டிப் பார்ப்பது. இங்கே 100.01 வருகிறது. அந்த 0.01, தசமத்தை இரண்டு தானத்துக்கு வெட்டியதால் வந்தது, பிழை இல்லை. 99.99, 100.01 வந்தால் நிம்மதியாக இருங்கள். 93 வந்தால் ஒரு மூலகத்தை எண்ண மறந்துவிட்டீர்கள், அநேகமாக அது ஐதரசன்தான்.

எட்டு அணுக்களில் நாலு ஐதரசன் என்பதையும் கவனியுங்கள். தலைக்கணக்கில் சரிபாதி, நிறையில் 6.67%. நாலு கோழி.

உயர்தர இரசாயனவியல் பரீட்சைக்குக் கணிப்பான் கொண்டுபோக முடியாது. ஆகவே பிரிக்க முன் சுருக்கப் பழகுங்கள். 28இன் கீழ் 60 என்பது 7இன் கீழ் 15. 700ஐ 15ஆல் பிரிப்பது கையால் பத்து வினாடி வேலை. பிள்ளைகள் 2800ஐ 60ஆல் நெடும்பிரித்தல் போட்டு நேரத்தையும் தாளையும் கரைப்பதைப் பார்க்கப் பொறுக்காது. இன்னொன்று, இடைநடுவில் தசமத்தை வெட்டாதீர்கள். பின்னமாகவே கடைசிப் படிவரைக்கும் கொண்டுபோய் அங்கே வெட்டுங்கள்.

பையில் ஏன் 46?

யூரியாப் பையில் 46% நைதரசன் என்று இருக்கும். நாம் கண்டது 46.67. இந்த இடைவெளி பெரிய மர்மம் இல்லை. நம்முடைய கணக்குத் தூய யூரியாவுக்கு. பையில் இருப்பது தொழிற்சாலை யூரியா. கொஞ்சம் ஈரம் இருக்கும், தயாரிக்கும்போது சூட்டில் இரண்டு யூரியா மூலக்கூறுகள் ஒட்டி உண்டாகும் பையூரெற்று என்ற பொருளும் சிறிதளவு இருக்கும். கணக்கு தருவது உச்ச வரம்பு, பை சொல்வது உத்தரவாதம். உத்தரவாதம் வரம்பைவிடக் கொஞ்சம் கீழே நிற்பதுதான் முறை. எங்காவது 48% யூரியா என்று விற்றால் ஒன்றும் யோசிக்காமல் திரும்பி வரலாம்.

இனி வயலுக்குப் போவோம். ஓர் அந்தர் யூரியா, அதாவது 50 கிலோ. அதில் நைதரசன் 50 × 0.46 = 23 கிலோ. இந்த 23ஐ மனதில் வையுங்கள். பையின் விலையை 23ஆல் பிரித்தால் ஒரு கிலோ நைதரசனின் விலை வரும். இரண்டு வகைப் பசளையில் எது மலிவு என்று பார்க்கப் பை விலையை ஒப்பிடக்கூடாது, இதைத்தான் ஒப்பிட வேண்டும்.

திரும்பிய கணக்கில்தான் சறுக்குகிறார்கள். ஓர் ஏக்கருக்கு 40 கிலோ நைதரசன் போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம், எத்தனை கிலோ யூரியா? வகுப்பில் பாதிப் பேர் 40ஐ 0.46ஆல் பெருக்கி 18.4 என்று எழுதுவார்கள். கொஞ்சம் நில்லுங்கள். யூரியாவில் பாதிக்கும் குறைவாகத்தான் நைதரசன் இருக்கிறது. 40 கிலோ நைதரசன் வேண்டுமென்றால் யூரியா 80க்கு மேல் போக வேண்டாமா? பிரிக்க வேண்டும்: 40 ÷ 0.46, ஏறக்குறைய 87 கிலோ. சேர்வை தந்து மூலகம் கேட்டால் பெருக்கல், விடை சிறுக்கும். மூலகம் தந்து சேர்வை கேட்டால் பிரித்தல், விடை பெருக்கும்.

2021 மே மாதம் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தது. நவம்பரில் தடை விலகினாலும் அந்தக் காலபோகத்துப் பயிர் மஞ்சள் பூத்து நின்றதை வன்னியில் எவரும் மறக்கவில்லை. அந்த நாட்களில் இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் என்று ஒரு திரவம் வந்தது. நனோ யூரியாப் போத்தல் ஒன்று 500 மில்லிலீற்றர், நைதரசன் 4%. கணக்குப் போடுங்கள்: 500 × 0.04 = 20 கிராம். பையில் 23 கிலோ, போத்தலில் 20 கிராம். ஆயிரத்து நூற்றைம்பது மடங்கு வித்தியாசம். இலை வழியாக நேரே உறிஞ்சப்படுவதால் குறைவாகப் போதும் என்பது தயாரித்தவர்களின் வாதம். அந்த வாதம் சரியா பிழையா என்று சதவீதக் கணக்குச் சொல்லாது, அதற்கு வயலில் சோதித்துப் பார்க்க வேண்டும். ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்று கணக்குச் சொல்லும். நெற்கதிருக்குள் போகிற நைதரசன் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும், 20 கிராமில் அது அடங்குமா? இந்தக் கேள்வியைக் கேட்க பட்டம் தேவையில்லை, ஒரு பெருக்கல் போதும்.

அடைப்புக்குறி

நைதரசன் தரும் இன்னொரு பசளை அமோனியம் சல்பேற்று: அடைப்புக்குள் என் எச் போர், வெளியே டூ, பிறகு எஸ் ஓ போர். நைதரசன் 2, ஐதரசன் 8, கந்தகம் 1, ஒட்சிசன் 4. வெளியே நிற்கிற 2 அடைப்புக்குள் மட்டும்தான் பாயும், பக்கத்தில் இருக்கிற சல்பேற்றுக்குப் பாயாது. 28 + 8 + 32 + 64 = 132. நைதரசன் 28 ÷ 132, சுருக்கினால் 7இன் கீழ் 33, அதாவது 21.21%. கந்தகம் 24.24%.

யூரியாவைப் போலவே இதிலும் மூலக்கூறுக்கு இரண்டு நைதரசன் அணு. ஆனால் சதவீதம் பாதிக்கும் குறைவு, ஏனென்றால் கூட வருகிற சல்பேற்றுப் பாரம் கூட. ஓர் அந்தர் யூரியாவின் 23 கிலோ நைதரசனை இதிலிருந்து எடுக்க, 21% என்று வைத்தால், 23 ÷ 0.21, ஏறக்குறைய 110 கிலோ எறிய வேண்டும். இரண்டு பைக்கு மேல், தோளில் சுமக்கிறவருக்குத் தெரியும் அந்த வித்தியாசம். கந்தகம் குறைந்த மண்ணுக்கு அது வீண்சுமை இல்லை என்பது வேறு கதை.

ஈர நெல்லும் நாக சல்பேற்றும்

நெல் விற்கப் போனவர்களுக்கு ஈரப்பதன் என்றால் வயிற்றைக் கலக்கும். ஈரம் கூடக் காட்டினால் தனியார் வியாபாரி நிறையில் வெட்டுவார். நிறுக்கிற நிறையில் எவ்வளவு நெல், எவ்வளவு தண்ணீர் என்பதுதான் பிரச்சினை. பளிங்கு நீர் கொண்ட உப்புகளிலும் அதே பிரச்சினை, ஒரு வித்தியாசத்தோடு: இங்கே தண்ணீர் மழையால் நனைந்து வந்ததில்லை. பளிங்கின் கட்டமைப்பிலேயே, எண்ணி வைத்த அளவில், பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. பளிங்கு தொட்டால் காய்ந்துதான் இருக்கும்.

நாகக் குறைபாடு வந்த வயலுக்கு நாக சல்பேற்றுப் போடச் சொல்வார்கள். கடையில் சிங்க் சல்பேட் என்று கேட்டால் இரண்டு வகைப் பக்கற்று வரக்கூடும். ஒன்று கண்ணாடித் துண்டுபோன்ற பளிங்கு, அதில் ஒரு மூலக்கூற்று உப்புக்கு ஏழு மூலக்கூறு நீர். மற்றது வெள்ளைத் தூள், அதில் ஒன்றுக்கு ஒன்று நீர்.

ஏழு நீர் உள்ளது: நாகம் 65, கந்தகம் 32, ஒட்சிசன் நான்குக்கு 64, நீர் 7 × 18 = 126. கூட்டினால் 287.
நாகம்: 65 ÷ 287 × 100 = 22.65%
நீர்: 126 ÷ 287 × 100 = 43.90%

ஒரு நீர் உள்ளது: 65 + 32 + 64 + 18 = 179.
நாகம்: 65 ÷ 179 × 100 = 36.31%

ஆக ஒரு கிலோப் பளிங்கு வாங்கினால் அதில் 439 கிராம் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறீர்கள். தூள் விலை கூடத்தான் இருக்கும், ஆனால் அது ஒன்றரை மடங்குக்கு மேல் நாகம் தருகிறது. எது இலாபம் என்று பார்க்க மேலே சொன்ன அதே வழி, விலையை நாகத்தின் அளவால் பிரியுங்கள்.

சூத்திரத்தில் உப்புக்கும் நீருக்கும் நடுவே ஒரு புள்ளி வைப்பார்கள். அந்தப் புள்ளியைப் பெருக்கல் என்று நினைத்து 161ஐ 126ஆல் பெருக்கிய விடைத்தாளையும் திருத்தியிருக்கிறேன். அந்தப் புள்ளியின் பொருள் 'இதோடு சேர்ந்து'. கூட்ட வேண்டும். நீரில் உள்ள ஒட்சிசனும் ஒட்சிசன்தான் என்பதையும் மறக்காதீர்கள்: மொத்த ஒட்சிசன் கேட்டால் 4 அல்ல, 4 + 7 = 11 அணுக்கள்.

இனிப் பேரனும் பையும்

பொற்றாசியம் குளோரைட்டு: 39 + 35.5 = 74.5. பொற்றாசியம் 39 ÷ 74.5 × 100 = 52.35%. பேரன் கண்டது இதுதான். தூய சேர்வையில்கூட 52.35க்கு மேல் பொற்றாசியம் இருக்க வழியே இல்லை. அப்படியென்றால் 60?

பையை மடிப்பு நீக்கிப் பார்த்தோம். 60க்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'கே டூ ஓ' என்று இருந்தது. பொற்றாசியம் ஒட்சைட்டு. பெரியவருக்கு அது எழுத்தலங்காரம்போலத் தெரிந்திருக்கும், பேரன் பையையே பார்க்கவில்லை.

"அப்ப இதுக்குள்ள ஒட்சைட்டும் கலந்திருக்கோ மாஸ்ரர்?"

இல்லை, அதுதான் வேடிக்கை. அந்தப் பைக்குள் பொற்றாசியம் ஒட்சைட்டு ஒரு குண்டுமணிகூட இல்லை. குளோரைட்டில் ஒட்சிசனே கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் பயிரை எரித்துச் சாம்பலாக்கித்தான் அதன் மூலகங்களை ஆராய்ந்தார்கள், முடிவுகளை ஒட்சைட்டுக் கணக்கிலேயே எழுதினார்கள். அந்தப் பழக்கம் பசளை வியாபாரத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டது. நைதரசனுக்கு மட்டும் நேரே மூலகக் கணக்கு. பொசுபரசுக்கும் பொற்றாசியத்துக்கும் ஒட்சைட்டுக் கணக்கு. 60% கே டூ ஓ என்றால், 'இதில் இருக்கிற பொற்றாசியம் முழுவதையும் ஒட்சைட்டாக மாற்றினால் நூறு கிலோவுக்கு 60 கிலோ ஒட்சைட்டு வரும்' என்று பொருள். காணியை ஏக்கரில் சொல்வதா பரப்பில் சொல்வதா என்பதுபோல. காணி அதேதான்.

மாற்றுவது எப்படி? ஒட்சைட்டில் பொற்றாசியத்தின் திணிவுச் சதவீதத்தைக் காணுங்கள். பொற்றாசியம் 2 × 39 = 78, ஒட்சிசன் 16, மொத்தம் 94. 78 ÷ 94 = 0.83. ஆக 60 × 0.83 = 49.8% பொற்றாசியம்.

பேரனின் உச்ச வரம்பு 52.35, பையில் உண்மையாக இருப்பது 49.8. வரம்புக்குள்தான் நிற்கிறது. 49.8ஐ 52.35ஆல் பிரித்தால் 0.95, அதாவது பையில் இருப்பது 95% அளவில் தூய பொற்றாசியம் குளோரைட்டு. இரண்டு எண்ணும் சண்டை போடவில்லை, வேறு வேறு பொருளின் பெயரைச் சொன்னன, அவ்வளவுதான்.

பொசுபரசுக்காகப் போடுகிற ரி.எஸ்.பி. (திரிபிள் சுப்பர் பொசுபேற்று) பையிலும் இதே விளையாட்டு, அங்கே 'பீ டூ ஓ பைவ்'. அந்த ஒட்சைட்டில் பொசுபரசு 62, ஒட்சிசன் 80, மொத்தம் 142. 62 ÷ 142 = 0.4366. பையில் 46% என்று இருந்தால் பொசுபரசு 46 × 0.4366, ஏறக்குறைய 20%. ஓர் அந்தரில் 10 கிலோ. யூரியாவிலும் 46, ரி.எஸ்.பி.யிலும் 46 என்று இருப்பதைப் பார்த்து இரண்டிலும் சத்து ஒரே அளவு என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஒன்றில் 23 கிலோ மூலகம், மற்றதில் 10.

பெரியவர் பையைத் திரும்பச் சுருட்டினார். "அப்ப ரெண்டு பேரும் சரி. நான்தான் வாசிக்கத் தெரியாதவன்" என்றார். அப்படியில்லை ஐயா, கம்பனிக்காரர் சின்னனாப் போட்டிருக்கினம் என்றேன். பேரனுக்கு மட்டும் அடுத்த நாள் வகுப்பில் கொஞ்சம் ஏச்சு விழுந்தது, பையைப் பார்க்காமல் தாத்தாவோடு வாதாடியதற்கு.

சதவீதத்திலிருந்து சூத்திரத்துக்கு

வந்த வழியே திரும்பிப் போகலாம். சதவீதம் தரப்பட்டால் சூத்திரம் காணலாம். பரீட்சையில் புள்ளி கூடியது இந்தப் பக்கம்தான்.

வன்னியின் கிரவல் வீதியில் மோட்டார்ச் சைக்கிளில் போனவர் வெள்ளைச் சேட்டோடு போய்ச் சேரமாட்டார். அந்தச் செம்மைக்கு இரும்பு ஒட்சைட்டுத்தான் காரணம். தூய ஒட்சைட்டு ஒன்றில் இரும்பு 70%, ஒட்சிசன் 30% என்று வைப்போம். சூத்திரம் என்ன?

நூறு கிராம் எடுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அப்போது சதவீதம் அப்படியே கிராம் ஆகிவிடும்: இரும்பு 70 கிராம், ஒட்சிசன் 30 கிராம். இப்போது எருமைக் கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும், நிறையிலிருந்து தலைக்கு. ஒவ்வொன்றையும் அதன் சாரணுத்திணிவால் பிரியுங்கள்:

இரும்பு: 70 ÷ 56 = 1.25 மூல்
ஒட்சிசன்: 30 ÷ 16 = 1.875 மூல்

சிறியதால் இரண்டையும் பிரியுங்கள்: 1.25 ÷ 1.25 = 1, 1.875 ÷ 1.25 = 1.5.

இங்கேதான் விபத்து நடக்கும். 1.5 வந்ததும் 'கிட்டத்தட்ட 2' என்று எழுதிவிடுவார்கள். அணுவைப் பாதியாக வெட்ட முடியாது, ஆனால் அதற்காக அரையை ஒன்றாக்கவும் கூடாது. இரண்டையும் 2ஆல் பெருக்குங்கள்: 2க்கு 3. இரண்டு இரும்பு, மூன்று ஒட்சிசன். கடைசியில் 0.5 வந்தால் 2ஆல், 0.33 அல்லது 0.67 வந்தால் 3ஆல், 0.25 அல்லது 0.75 வந்தால் 4ஆல் பெருக்குங்கள். 1.98, 3.02 போன்றவற்றை மட்டும் முழு எண்ணுக்குத் தள்ளலாம், அது பரிசோதனை வழுவோ தசமம் வெட்டியதாலோ வந்தது.

இப்படிக் கிடைப்பது அனுபவச் சூத்திரம், அதாவது மிகச் சுருங்கிய விகிதம். காபன் 40%, ஐதரசன் 6.67%, ஒட்சிசன் 53.33% என்று தந்தால் 1க்கு 2க்கு 1 வரும். அது வினாகிரியில் உள்ள அசற்றிக் அமிலமாகவும் இருக்கலாம், குளுக்கோசாகவும் இருக்கலாம். எது என்று தெரிய மூலர்த்திணிவு, அதாவது ஒரு மூலின் திணிவு, வேண்டும். விகிதத்தின் திணிவு 30. மூலர்த்திணிவு 60 என்றால் இரண்டு மடங்கு, அசற்றிக் அமிலம். 180 என்றால் ஆறு மடங்கு, குளுக்கோசு.

மூலர்த்திணிவு தெரிந்தாலும் போதாத இடம் உண்டு. யூரியாவின் சதவீதங்களை எடுத்து இதே வழியில் திரும்பிப் போனால் காபன் 1, ஐதரசன் 4, நைதரசன் 2, ஒட்சிசன் 1 என்று சரியாக வரும், திணிவும் 60. ஆனால் அமோனியம் சயனேற்று என்ற உப்புக்கும் அதே அணுக்கள், அதே 60, அதே 46.67%. 1828இல் ஜேர்மானியரான பிரெடெரிக் வோலர் அந்த உப்பைத் தயாரிக்கப் போய், கையில் கிடைத்தது யூரியா என்று கண்டார். அதுவரை சிறுநீரிலிருந்து மட்டும் பிரித்தெடுத்த பொருள், உயிருள்ள உடலுக்கு வெளியே, ஆய்வுகூடத்தில் உண்டானது. சதவீதத்தை மட்டும் பார்த்திருந்தால் எதுவும் மாறியதாகவே அவருக்குத் தெரிந்திருக்காது. அணுக்கள் எத்தனை என்று தராசு சொல்லும், எப்படிக் கைகோத்து நிற்கின்றன என்று சொல்லாது. சமபகுதியம் என்ற பாடம் அங்கிருந்து தொடங்குகிறது.

கொஞ்சம் கைப்பழக்கத்துக்கு

ஆனையிறவு உப்பு. சோடியம் குளோரைட்டு 23 + 35.5 = 58.5. சோடியம் 39.32%, குளோரீன் 60.68%. குளோரீனை 35 என்றோ 36 என்றோ ஆக்காதீர்கள், அந்த அரைக்கு இங்கே மதிப்பு உண்டு. பெரியவர்கள் நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு எடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, சில இடங்களில் இதையே 2 கிராம் சோடியம் என்று எழுதியிருக்கும். 5 × 0.3932 போட்டுப் பாருங்கள், இரண்டும் ஒரே ஆலோசனைதான் என்று தெரியும். பிரசர் உள்ளவர்கள் பிஸ்கற் பக்கற்றில் சோடியம் 400 மில்லிகிராம் என்று கண்டால் அதை 0.3932ஆல் பிரிக்க வேண்டும்: ஏறக்குறைய ஒரு கிராம் உப்பு.

அந்த ஆனையிறவு உப்பைத்தான் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஒருகாலத்தில் மின்பகுத்து எரிசோடாவும் குளோரீனும் எடுத்தது. 58.5 கிலோத் தூய உப்பிலிருந்து கூடியபட்சம் எவ்வளவு எடுக்கலாம்? குளோரீன் 35.5 கிலோ. எரிசோடா, அதாவது சோடியம் ஐதரொட்சைட்டு, 23 + 16 + 1 = 40 கிலோ. கூட்டினால் 75.5. போட்டதைவிட எடுத்தது கூட. மிச்சம் எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். விடை: உப்பைக் கரைத்த தண்ணீரிலிருந்து.

கருப்பணிக்கு முட்டியில் பூசுகிற சுண்ணாம்பு. சிப்பி பெரும்பாலும் கல்சியம் காபனேற்று: 40 + 12 + 48 = 100. இதைப்போலத் தங்கமான கணக்கு வேறு இல்லை, கல்சியம் 40%, காபன் 12%, ஒட்சிசன் 48%. எரித்தால் 44 பங்கு காபனீரொட்சைட்டாகப் புகையோடு போகும், 56 பங்கு சுட்ட சுண்ணாம்பாக மிஞ்சும். நூறு கிலோச் சிப்பி சூளைக்குப் போய் ஐம்பத்தாறாக வந்தால் சூளைக்காரரைச் சந்தேகிக்க வேண்டாம். நீர் விட்டு நீறாக்கினால் சேர்வை கல்சியம் ஐதரொட்சைட்டு, திணிவு 74, கல்சியம் 54.05%.

கடைசி ஒன்று, கொக்கிளாய்ப் பக்கத்திலிருந்து வந்து படித்த ஒரு பிள்ளை கேட்டது. கொக்கிளாயிலிருந்து புல்மோட்டைவரை கரையில் கிடக்கும் கறுப்பு மணலில் இல்மனைற் இருக்கிறது. அதில் இரும்பு ஒன்று, தைற்றேனியம் ஒன்று, ஒட்சிசன் மூன்று. 56 + 48 + 48 = 152. "சேர், தைற்றேனியமும் ஒட்சிசனும் ஒரே சதவீதம் வருது, நான் எங்கயோ பிழை விட்டிட்டன்" என்றாள். பிழை இல்லைப் பிள்ளை. மூன்று ஒட்சிசனின் நிறையும் ஒரு தைற்றேனியத்தின் நிறையும் தற்செயலாக ஒன்று. இரண்டுமே 31.58%, இரும்பு 36.84%. இந்த மணலையும் சந்தையில் மூலகக் கணக்கில் விற்பதில்லை, தைற்றேனியம் ஈரொட்சைட்டுக் கணக்கில்தான் தரம் சொல்வார்கள். 48 + 32 = 80, அதை 152ஆல் பிரித்தால் 52.63%. கரையோரத்தில் யாராவது மணலின் தரம் 50 சதவீதத்துக்கு மேல் என்றால், எதனுடைய சதவீதம் என்று அவளுக்குக் கேட்கத் தெரியும்.